யார்ட் போடலாம், அச்சு வாங்க முதல் அளவைப் பேசி முடியுங்கள்

கல்முனைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டாரில் ஒரு பிரிகாஸ்ட் யார்டில் போர்மனாக இருந்துவிட்டு வந்திருக்கிறாராம். அங்கே சுவர், தளம், படிக்கட்டு எல்லாவற்றையும் யார்டிலேயே வார்த்து, லொறியில் ஏற்றி, கிரேனால் தூக்கி நிறுத்தி, மூட்டுகளை நிரப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். நம்மூரில் ஒரு சாதாரண வீடே இரண்டு மாரியைக் கண்டுதான் கூரை ஏறுகிறது. "இது ஏன் இங்கே வரவில்லை? சேர்த்த காசில் மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஒரு யார்ட் போட்டால் ஓடுமா?" இதுதான் கேள்வி.

என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். சுவர்ப் பனல் வார்க்கிற யார்ட் இங்கே ஓடாது. லிண்டல் (கதவு, யன்னல் துவாரத்துக்கு மேலே குறுக்கே வைக்கும் கொங்கிறீட் துண்டு), கதவு நிலை, யன்னல் சட்டம், அரைக்கல் என்று ஆள் தூக்கக்கூடிய சாமான்களை வார்க்கிற யார்ட் ஓடும். அதுவும், இந்தக் கரையில் சீமெந்துக் கல் அறுக்கிறவர், கட்டுகிறவர், யன்னல் செய்கிறவர் எல்லோரும் ஒரே அளவுக்கு வந்தால்தான்.

"இங்கே வரவில்லை" என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கரையோர மணலில் கிணறு எப்படி இறக்குகிறோம்? வெட்ட வெட்டச் சரியும் மணல் அது. கொங்கிறீட் வளையத்தை வைத்து, உள்ளே நின்று மணலை அள்ள அள்ள, வளையம் தன் பாரத்திலேயே இறங்கும். மேலே அடுத்த வளையம். எந்தக் கடையில் வாங்கினாலும் மூன்றடி வளையத்தின் மேல் மூன்றடி வளையம் உட்காரும். வேலித் தூணும் மதகுக்குப் போடும் ஹியூம் பைப்பும் அதே சாதிதான். பள்ளிக்கூடக் கட்டடங்களைப் பாருங்கள். 'நூறுக்கு இருபது', 'எண்பதுக்கு இருபது' என்று அளவைச் சொல்லியே அதிபர் முதல் ஒப்பந்தகாரர் வரை பேசுகிறார்கள். ஒரே பிளான், பத்தடிக்கு ஒரு தூண், ஒரே கூரைச் சட்டம். வாகரையில் கட்டியதைத்தான் பொத்துவிலிலும் கட்டுகிறோம். அதனாலேயே ஒரு புதிய கொந்தராத்துக்காரர்கூடப் பெரிதாகத் தடுமாறாமல் அதற்கு விலை போட்டுவிடுகிறார்.

எல்லாவற்றையும்விட நல்ல உதாரணம் நம் தலைக்கு மேலே இருக்கிறது, ஓடு. மங்களூரில் 1865இல் பாசல் மிஷன்காரர் தொடங்கிய தொழிற்சாலையில் அச்சில் அழுத்திச் சுட்ட ஓடுதான் மலையாளக் கரை முழுவதும் பரவி, கள்ளிக்கோட்டை ஓடு என்ற பெயரோடு இலங்கைக்கும் வந்தது. ஓர் ஓட்டின் விளிம்பு அடுத்த ஓட்டின் பள்ளத்தில் போய் மாட்டும். ஓட்டின் நீளம் நிலையானது என்பதால் சலாகைக்குச் சலாகை எவ்வளவு இடைவெளி என்று ஓடாவிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பழைய வீட்டைப் பிரித்த ஓட்டை இன்னொரு வீட்டுக்குப் போடுகிறோம், நாலு உடைந்தால் நாலு மட்டும் மாற்றுகிறோம். தொழிற்சாலைப் பாகம், நிலையான அளவு, பொருத்து முறை, ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடும் வசதி என்று கட்டாரில் நீங்கள் கண்டதன் சாரம் முழுவதும் அதில் இருக்கிறது. கிரேன் மட்டும்தான் இல்லை. கல்லடிப் பழைய பாலமும் 1924இல் இரும்புத் துண்டுகளை ரிவெட் அடித்துக் கோத்த சட்டகம்தான்.

அப்படியானால் சிக்கல் எங்கே? கூரைக்குக் கீழே வந்தால் அளவு குழம்பிவிடுகிறது. சுவரைப் பாருங்கள். கல் அறுக்கிற ஒவ்வொருவரிடமும் அச்சு வேறு. "நாலு அங்குலக் கல்" என்று சொல்லும்போது தடிப்பு மட்டும்தான் ஒத்துப்போகும். நீளமும் உயரமும் அவரவர் அச்சைப் பொறுத்தது. ஒரு வீட்டுக்குப் பாதிக் கல் ஓரிடத்திலும் மீதி வேறிடத்திலும் எடுத்தால் வரிசை பிசகும், பிசகிய இடத்தைச் சாந்து நிரப்பும். கதவு நிலை ஓடாவியின் அளவு. அலுமினிய யன்னல் கடைக்காரர் சுவர் எழும்பிய பிறகு வந்து டேப் பிடித்து அளந்து, அந்தத் துவாரத்துக்கென்று வெட்டுகிறார். ஆறு யன்னல் என்றால் ஆறு அளவு. அலுமினியத்தில் வெட்டுத்துண்டு போகும், கண்ணாடியில் வெட்டுத்துண்டு போகும், அந்தக் காசும் உங்கள் பில்லில்தான் ஏறும். சைக்கிள் டியூப் வாங்க நாம் சைக்கிளைக் கடைக்கு உருட்டிக்கொண்டு போவதில்லை, இருபத்தாறா இருபத்தெட்டா என்று சொன்னால் போதும். யன்னலுக்கு அந்த வசதி நமக்கு இல்லை.

அளவை ஒன்றாக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உலகத் தரத்தில் கட்டட அளவின் அடிப்படை அலகு 100 மில்லிமீற்றர். புளொக் கல் 390க்கு 190 என்று ஏன் ஒரு விசித்திர எண்ணில் வருகிறது தெரியுமா? பத்து மில்லிமீற்றர் சாந்தைச் சேர்த்தால் 400க்கு 200 ஆகும் என்பதற்காகத்தான். மில்லிமீற்றர் பேசினால் நம் மேசன்மார் முகம் சுளிப்பார்கள் என்றால் அடிக்கணக்கிலேயே வருவோம். சாந்தோடு சேர்த்து ஒரு கல் 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஓர் அரைக்கல் 8 அங்குலம். இரண்டடிக்கு மூன்று அரைக்கல் சரியாக விழும். ஆகவே 10 அடி, 12 அடி, 14 அடிச் சுவர்களில் கல் உடைக்காமல் வரிசை முடியும். 11 அடியும் 13 அடியும் ஒவ்வொரு வரியிலும் ஒரு துண்டு கேட்கும். உயரத்துக்கும் இதே கணக்குத்தான். பத்தடிச் சுவர் 15 வரி. கதவுத் தலை 7 அடி 4 அங்குலம் என்றால் 11 வரி. யன்னல் அடி 3 அடி 4 அங்குலத்தில் நின்றால் 5 வரி, அதிலிருந்து நாலடி யன்னல் 6 வரி, தலை கதவோடு ஒரே மட்டம். பிளான் கீறுகிறவர் இந்த எண்களைப் பிடித்துக்கொண்டால் சுவரில் பாதிப் பிரச்சினை கடதாசியிலேயே தீர்ந்துவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கல்லே முழு 16 அங்குலத்துக்கு அறுக்கப்பட்டிருந்தால் கணக்கு உடைந்துவிடும். ஒவ்வொரு கல்லுக்கும் பத்து மில்லிமீற்றர் சாந்து கூடிக்கூடி, பத்தடியில் இரண்டே முக்கால் அங்குலம் தள்ளிப் போகும். கல் தன் இடத்தைவிடச் சிறியதாகப் பிறக்க வேண்டும். மீதியைச் சாந்து வாங்கிக்கொள்ளும். இது கல்லுக்கு மட்டும் உள்ள விதி இல்லை. நீங்கள் வார்க்கப்போகும் எந்தப் பாகத்துக்கும் இதுதான். துவாரத்தின் அளவுக்கே நிலை வார்த்தால் அது உள்ளே போகாது. ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் விட்டுத்தான் வார்க்க வேண்டும்.

மூலைகளில் நாலு அங்குலக் கல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதை மேசன் பார்த்துக்கொள்வார். ஆனால் அரைக்கல் விசயத்தை விடக்கூடாது. வரிக்கு வரி மூட்டு மாற அரைக்கல் கட்டாயம். நம் பக்கத்தில் அரைக்கல் அறுத்து விற்கிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மேசன் முழுக்கல்லைக் கரண்டியால் தட்டி உடைக்கிறார். ஒரு பாதி ஒழுங்காக வரும், மறு பாதி நொறுங்கும். கட்டிமுடிந்த எந்த வீட்டு முற்றத்திலும் குவிந்து கிடக்கும் கல்துண்டுகளைப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். அச்சின் நடுவில் ஒரு தகட்டை வைத்தால் இரண்டு அரைக்கல் வரும். முதல் சரக்காக அதைத்தான் நான் சொல்வேன்.

இனி வார்ப்பு. யார்டில் வார்ப்பதால் வரும் லாபம் வேகம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நம் நிலத்துக்கு அதைவிடப் பெரிய லாபம் மழையும் தண்ணீரும் சம்பந்தப்பட்டது. ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை வாடைக்காற்று மழை. வேலைத்தலம் சேறாகிவிடும், மணல் லொறி உள்ளே வராது, மேசனுக்குக் கூலி இல்லை. ஆனால் ஒரு கொட்டிலுக்குள் வார்க்கிறவருக்கு அதுதான் பொற்காலம். கொங்கிறீட் காய்ந்து இறுகுவதில்லை, ஈரத்தில் இறுகுகிறது. மாரி ஈரத்தில் வார்த்தது நல்லாய்ப் பதப்படும். மார்கழியில் வார்த்து அடுக்கி, தை பிறந்து தரை காய்ந்ததும் விற்கலாம். மாரியில் வேலையில்லாமல் நிற்கும் கைகளுக்கும் கூலி கிடைக்கும். கட்டாரில் உங்கள் யார்ட் வெயிலோடு சண்டை பிடித்திருக்கும். இங்கே காலநிலை பாதிக் காலம் உங்கள் பக்கம்.

ஆனால் கல் அறுக்கிற இடங்களில் நடப்பது வேறு. நேற்று அறுத்த கல் இன்று மாலை லொறியில். ஏழு நாளாவது நனைத்து வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. ஒரு கிழமைக் கல்லை அடுக்கி வைக்க ஒரு கிழமை உற்பத்திக்கான நிலம் வேண்டும், அத்தனை நாள் காசு முடங்கும், நனைக்க ஓர் ஆள் வேண்டும். வாங்குகிறவர் விலையைத்தான் கேட்கிறார், வயதைக் கேட்பதில்லை. ஆகவே பச்சைக்கல் போகிறது. அது சுவரில் ஏறிய பிறகு சுருங்கும், பூச்சில் மயிர் வெடிப்பு விழும், பழி பூசினவர் தலையில் விழும். ஒரு பை சீமெந்துக்கு எத்தனை கல் என்ற போட்டி அதற்கு மேல். புளொக் கல்லுக்கு எஸ்எல்எஸ் 855 என்று இலங்கைத் தரம் இருக்கிறது, அளவும் வலுவும் அதில் இருக்கிறது. தரக் கட்டளை என்று ஒன்று இருப்பதைக்கூட நம்மில் பலர் அறியோம். நீங்கள் யார்ட் தொடங்கினால் ஒவ்வொரு பாகத்திலும் வார்த்த திகதியை அச்சிலேயே பதியுங்கள். பெயர்ப் பலகையைவிட அது விளம்பரம்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. கரையோரக் கிணறுகளில் பல உவர். கம்பி போடாத கல்லுக்கு அது பெரிய கேடு செய்யாது. கம்பி போட்ட லிண்டலுக்கும் நிலைக்கும் உவர்நீரோ கழுவாத கடல் மணலோ போனால், உப்பு கம்பியைத் தின்னும், துருவேறிய கம்பி ஊதும், கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கடற்காற்று அடிக்கும் வீதிகளில் யன்னலுக்கு மேலே நீட்டி நிற்கும் இருபது வருடத்துச் சண்சேட்டுகளின் அடியைப் பாருங்கள், கம்பி வெளியே தெரியும். கம்பிக்கும் வெளிக்கும் இடையில் 40 மில்லிமீற்றர் கொங்கிறீட் இருந்தால் நல்லது என்று சொல்லலாம். ஆனால் நாலு அங்குல அகல லிண்டலில் இரண்டு பக்கமும் 40 விட்டால் நடுவில் 20 மில்லிமீற்றர்தான் மிஞ்சும், அதில் இரண்டு கம்பி எங்கே வைப்பது? அதனால் கடலைப் பார்த்த சுவர்களுக்கு ஆறு அங்குலக் கல்லும் ஆறு அங்குல லிண்டலுமே என் யோசனை. உள்ளே படுவான்கரைப் பக்கம் போனால் இந்தப் பயம் குறைவு.

இப்போது பாரத்துக்கு வருவோம். உங்கள் யார்ட்டின் தலைவிதியை நிர்ணயிப்பது இதுதான் என்று நினைக்கிறேன். கொங்கிறீட் ஒரு கன மீற்றர் சுமார் 2400 கிலோ. பத்தடிக்குப் பத்தடி, நாலு அங்குலத் தடிப்பில் ஒரு சுவர்ப் பனல் வார்த்தால் இரண்டு தொன்னுக்கு மேல். அதைத் தூக்கக் கிரேன் வேண்டும், கிரேன் நிற்க இறுகிய தரை வேண்டும், வர வீதி வேண்டும். காத்தான்குடியிலோ மருதமுனையிலோ உள்ளொழுங்கைகளில் ஒரு லேண்ட்மாஸ்டர் திரும்பவே பின்னால் நின்று ஆள் கைகாட்ட வேண்டும். மேலே மின்கம்பி, பக்கத்தில் ஒட்டிய மதில். நாவலடி மணலில் கிரேனின் கால் புதையும். கொழும்பிலிருந்து இப்படிப் பனலைக் கொண்டுவருவதென்றால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் லொறிக்கூலி. இனி ஒரு லிண்டலைக் கணக்குப் பாருங்கள். 3 அடி 4 அங்குலக் கதவுத் துவாரம், இரண்டு பக்கமும் அரைக்கல் அளவு தாங்கல், மொத்தம் 56 அங்குலம். உயரம் ஒரு வரிக்கல். நாலு அங்குல அகலத்தில் அது சுமார் 65 கிலோ. இரண்டு பேர் சாரத்தில் நின்று தூக்கி வைக்கலாம். ஆறு அங்குலம் என்றால் நூறு கிலோவை நெருங்கும், நாலு பேர். அதற்கு மேல் போகாதீர்கள்.

ஆள் தூக்கக்கூடிய பாகம் என்றால் தரம் குறைந்த தொழில்நுட்பம் என்று எண்ண வேண்டாம். பெய்லி பாலத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. பத்தடி நீளம், சுமார் 260 கிலோ உள்ள ஒரே மாதிரிச் சட்டங்கள், ஆறு பேர் பிடித்துத் தூக்கினால் போதும், ஊசி அடித்துக் கோக்கலாம். பாரம் கூடுதலா, இரண்டு வரிசை போடு. நீளம் கூடுதலா, இன்னொன்றைச் சேர். 2025 நவம்பரில் டித்வா புயல் வீதிகளை அறுத்துப்போட்ட பிறகும் இலங்கைக்கு வந்து இறங்கியது அதே பெய்லி பாலம்தான். எண்பது வருடமாகப் பாகத்தின் அளவு மாறாததால்தான் உலகத்தின் எந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்தாலும் பொருந்துகிறது.

பொருத்து என்றதும் பிரிகாஸ்ட்காரர் எல்லோரும் படிக்க வேண்டிய கதை ஒன்று. 1968 மே 16ஆம் திகதி, லண்டனில் ரோனன் பொயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம். சுவர்ப் பனல்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக் கட்டியது, குடியேறி இரண்டு மாதம். 18ஆம் மாடியில் ஒரு பெண் தேநீர் வைக்க அடுப்பைப் பற்றவைத்தபோது காஸ் வெடித்தது. வெடிப்பு அப்படியொன்றும் பெரியதல்ல, அடுப்பைப் பற்றவைத்தவர் உயிர் பிழைத்தார். ஆனால் ஒரு வெளிச்சுவர்ப் பனல் வெளியே தள்ளுண்டது. அதன்மேல் தங்கியிருந்த மாடிகள் கீழே விழ, அந்தப் பாரத்தில் அடியிலுள்ளவையும் விழ, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்தது. நாலு பேர் இறந்தார்கள். பனல்கள் வலுவாகத்தான் இருந்தன. அவற்றைப் பிணைத்த மூட்டுகள்தான் பலவீனம். 1986இல் அந்தக் கட்டடத்தை மாடி மாடியாகக் கழற்றியபோது பல மூட்டுகள் ஒழுங்காக நிரப்பப்படாமலே இருந்தது தெரியவந்தது. தொழிற்சாலையில் எவ்வளவு துல்லியமாக வார்த்தாலும் மூட்டை நிரப்புவது வேலைத்தலத்தில், மாலை நாலு மணிக்கு, களைத்துப்போன ஒருவர். சுவர்ப் பனல் யார்ட் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம். கட்டாரில் மூட்டைச் சோதிக்கத் தனி ஆள் நின்றிருப்பார். இங்கே யார் நிற்பது?

மூன்றாவது காரணம் வேலையின் அளவு. அமெரிக்காவில் கட்டெரா என்ற நிறுவனம் 2015இல் தொடங்கியது. வீட்டைத் தொழிற்சாலையில் செய்து கட்டடத் தொழிலையே மாற்றுவோம் என்று சுமார் 200 கோடி டொலர் முதலீடு திரட்டியது. 2021இல் முறிந்தது. காரணங்கள் பல. ஆனால் அடிப்படை ஒன்று உண்டு, தொழிற்சாலைக்கு ஒவ்வொரு நாளும் வேலை வேண்டும், வீடு கட்டும் தேவையோ ஏறி இறங்கும். ஏறும்போது போட்ட இயந்திரத்துக்கு இறங்கும்போதும் வங்கி வட்டி கேட்கும். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டையும் சேர்த்தாலும் ஒரு பனல் யார்ட்டுக்குத் தொடர்ந்து தீனி போடக் காணாது. லிண்டலுக்கும் அரைக்கல்லுக்கும் காணும். மதில் கட்டுகிறவருக்கும் வேண்டும், கடை போடுகிறவருக்கும் வேண்டும்.

இனி நம் சொந்தக் கதை. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. இலங்கை முழுவதற்கும் 50,000 வீடு, பெரும்பங்கு வடக்குக்கும் கிழக்குக்கும். வீட்டுக்காரர் கையில் கட்டம் கட்டமாக ஐந்தரை இலட்சம், அவரே மேசனைப் பிடித்துக் கட்ட வேண்டும். பிறகு 2016 அளவில் வேறொரு யோசனை: 65,000 இரும்பு வீடு, தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டுவது, ஒன்று சுமார் 21 இலட்சம் ரூபாய். பொறியியலாளர், அரசியல்வாதி, ஊர்ச் சங்கம் எல்லோரும் எதிர்த்தார்கள். அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாம், சூட்டைத் தாங்குமா, துருப்பிடிக்காதா, ஊர் மேசனுக்குக் கூலி எங்கே என்பதெல்லாம் வாதம். அந்த வாதங்கள் பெரும்பாலும் நியாயமானவை. ஆனால் அன்றிலிருந்து "பூட்டுகிற வீடு" என்றாலே நம் சனம் விலகிப் போகிறது. அதில்தான் எனக்கு வருத்தம்.

அந்தத் திட்டத்தில் பிழை இரும்பில் இருந்ததைவிட, வீடு முடிந்த பொட்டலமாக வந்ததில் அதிகம் இருந்தது. நம் பக்கத்தில் வீடு எப்படி வளர்கிறது? மகள் பிறந்தால் அவளுக்கென்று ஒரு வளவு, அதில் ஓர் அத்திவாரம். கட்டாரிலிருந்து காசு வந்தால் சுவர், சீட்டு விழுந்தால் கூரை, கலியாணம் பேசியதும் பூச்சு. மருமகன் வந்து குடியேறிய பிறகு குசினியைப் பின்னுக்குத் தள்ளி, முன்னால் விறாந்தை இறக்கி, இரண்டாவது மகளுக்கு மேலே ஒரு தட்டு. இருபது வருடத்தில் கட்டி முடிகிற வீடு இது. ஒரே கொம்பனியின் பாகம் ஒரே கொம்பனியின் பாகத்தோடு மட்டும் சேரும் என்றால் இரண்டாம் வருடமே வீட்டுக்காரர் மாட்டிக்கொள்வார், கொம்பனி போய்விட்டால் கேட்கவும் ஆளில்லை. நமக்கு வேண்டியது திறந்த முறை. உங்கள் லிண்டல், ஏறாவூர்க்காரர் அறுத்த கல்லின் மேல் உட்கார வேண்டும். அதன் கீழே அக்கரைப்பற்றுக் கடையின் யன்னல் போக வேண்டும். பத்து வருடத்துக்குப் பிறகு அதே அளவில் வேறொருவரிடம் வாங்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அளவைப் பேசி முடியுங்கள் என்று தலைப்பிலேயே போட்டது இதற்காகத்தான்.

மேல்தட்டு என்றதும் நேர்ட் சிலாப் நினைவுக்கு வருகிறது. ஜா-எல ஏக்கலவில் இருக்கும் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், ஏ. என். எஸ். குலசிங்க 1974இல் தொடக்கிய நிறுவனம், உருவாக்கிய முறை அது. முன்தகைப்பு ஏற்றிய, அதாவது கம்பியை இழுத்துப் பிடித்தபடி வார்த்த, ஒல்லியான பீம்களைச் சுவரிலிருந்து சுவருக்குப் போட்டு, இடையில் மட்டும் பலகையைத் தொங்கவிட்டு, மேலே மெல்லிய கொங்கிறீட் ஊற்றுவார்கள். தரையிலிருந்து முட்டு நட வேண்டியதில்லை. சாதாரணத் தட்டுக்குப் பலகையும் முட்டும் எவ்வளவு காசு தின்னும் என்று வீடு கட்டியவருக்குத் தெரியும். நாலு அங்குலத்துக்கு ஐந்து அங்குலக் குறுக்குவெட்டில் 12 அடிப் பீம் ஒன்று 110 கிலோவுக்குக் கிட்ட வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலு பேர் கயிறு கட்டி ஏற்றிவிடலாம். வாங்கி விற்கலாம், பூட்டிக் கொடுக்கலாம். ஆனால் முன்தகைப்பு பீமைக் கொல்லைப்புறத்தில் வார்க்க நினைக்க வேண்டாம். இழுத்துப் பிடித்த கம்பி அறுந்தால் ஆளைக் கொன்றுவிடும். கட்டாரில் அப்படி வார்க்கும் படுக்கையைப் பார்த்திருப்பீர்கள், நான் விளக்கத் தேவையில்லை.

கூரைக்கும் ஒரு சின்னச் சரக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1978 நவம்பர் 23 புயலில் இந்த இரண்டு மாவட்டத்திலும் பறந்த கூரைகளைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். காற்று கூரையை அமுக்குவதைவிட உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். தீராந்தியைச் சுவருக்கு ஆணியால் மட்டும் பிடித்திருந்தால் நிற்காது. துளையிட்டு, வளைத்து, கல்வனைஸ் பண்ணிய பட்டி ஒன்று, சுவர்மேல் சுற்றி வார்க்கும் கொங்கிறீட் பீமில் புதைத்துவிட்டுத் தீராந்தியைச் சுற்றிப் பூட்டுவது. பெரிய செலவில்லை. ஒரே அளவில் அடித்து வைத்தால் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். அதைக் கேட்டு வாங்குகிறவர் குறைவுதான், நீங்களே லிண்டலோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

இனி தொடங்குகிற விதம். இரும்பு அச்சுக்கு ஓடர் கொடுக்க முதல், உங்கள் சுற்றுவட்டத்தில் கல் அறுக்கிறவர்களையும், இரண்டு மூன்று அலுமினியக் கடைகளையும், பிளான் கீறுகிறவர்களையும் போய்ப் பாருங்கள். தேநீரைக் குடித்துவிட்டு அளவைப் பேசுங்கள். கல் சாந்தோடு 16 அங்குலத்துக்கு 8 அங்குலம், யன்னல் உயரம் நாலடி, அகலம் மூன்று வகை, கதவு இரண்டு வகை. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். எல்லோரும் உடனே இணங்க மாட்டார்கள். அச்சுத் தேய்ந்து மாற்றப்போகிற கல்லறுக்கிறவர்தான் முதலில் மாறுவார், அவரிடமிருந்து தொடங்குங்கள். மேசன்மாரை எதிரியாக்கவும் வேண்டாம். லிண்டலுக்குப் பலகை அடித்துக் கம்பி கட்டி வார்க்கும் கூலி அவருக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானது. சதுரஅடிக் கணக்கில் பேசி எடுக்கிற மேசனுக்கு வேலை சீக்கிரம் முடிந்தால் லாபம், நாட்கூலிக்காரருக்கு நட்டம். முதலில் சதுரஅடிக்காரரைப் பிடியுங்கள்.

லிண்டலைப் பற்றி ஓர் எச்சரிக்கை, இது உயிர்ப் பிரச்சினை. கம்பி அடிப்பக்கம்தான் வேலை செய்யும். வேலைத்தலத்தில் வார்த்தால் கம்பி எங்கே என்று வார்த்தவருக்குத் தெரியும். யார்டிலிருந்து வந்ததில் மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கும். தலைகீழாய் வைத்தால் சுவர்ப் பாரம் ஏறியதும் நடுவில் வெடிக்கும். ஆகவே மேற்பக்கத்தில் "மேல்" என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், அம்பாறை நகரப் பக்கமும் சரக்குப் போகும். கம்பியின் தடிப்பையும் எண்ணிக்கையையும் ஒரு பொறியியலாளரிடம் கணக்குப் போட்டு எழுதி வாங்குங்கள், பக்கத்து வீட்டைப் பார்த்துப் போட வேண்டாம்.

முதல் வார்ப்பை விற்காதீர்கள். 28 நாள் போனதும் மூன்று லிண்டலை எடுத்து, இரண்டு முனையிலும் அரைக்கல் அளவுக்குத் தாங்கல் கொடுத்து, நடுவில் சீமெந்துப் பைகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எத்தனையாவது பையில் முதல் மயிர்க்கோடு விழுகிறது, எத்தனையாவதில் அகலத் திறக்கிறது என்று எழுதி, அதைப் பொறியியலாளரின் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கல்லுக்கு நொறுக்குச் சோதனை வேண்டுமென்றால் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் விசாரியுங்கள். அரச கட்டட வேலைக்குச் சரக்குக் கொடுக்கப் போனால் அந்த அறிக்கையைத்தான் முதலில் கேட்பார்கள். அரச ஒப்பந்தகாரருக்குக் கடனுக்குக் கொடுக்கும்போது கவனம், அவருக்கு பில் காசு வருவது நீங்கள் மணல்காரருக்குக் காசு கொடுக்க வேண்டிய நாளுக்கு வெகு பின்னால்தான்.